சூட்டு உடம்புக்காரிகளும் ஒரு டாபர்மேனும்

எங்கள் பக்கத்தில் மனிதருக்கு வருவது மொத்தம் இரண்டே வியாதிதான். ஒன்று வாய்வு, இன்னொன்று சூடு. நெஞ்சு வலித்தால் வாய்வு, ரத்தம் வந்தால் சூடு. வாய்வை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள், சூட்டைப் பெண்களுக்கு விட்டுவிட்டார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சூடு. பங்குனி வெயில் தலைகாட்டினால் மூக்கில் ரத்தம் ஒழுகும். பல் தேய்த்தால் பிரஷ் சிவக்கும். எங்கே இடித்துக்கொண்டேன் என்று எனக்கே நினைவில்லாத இடத்தில் நாவற்பழத்தை நசுக்கிய மாதிரி ஒரு திட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊரே ஒரே பதிலை வைத்திருந்தது. "சூட்டு ஒடம்பு, பாத்துக்கங்க." வெந்தயம், நன்னாரி, நுங்கு, வெள்ளிக்கிழமை தவறாத எண்ணெய்க் குளியல், தொப்புளில் விளக்கெண்ணெய் என்று எதையும் விடவில்லை. எனக்கு ஊற்றிய மோரை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் திருமயம் கோட்டையைச் சுற்றி ஒரு அகழியை நிரப்பியிருக்கலாம். மாம்பழத்தையும் பப்பாளியையும் நான் பார்த்ததோடு சரி.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் விலங்கியல் டீச்சர். ரத்தம் உறைதல் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்ததும் ரத்தத் தட்டுகள் ஓடி வந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும், அதன்மேல் ஃபைப்ரின் என்கிற புரத நூல் வலை மாதிரி விழுந்து இறுக்கும். கலர் சாக்பீஸில் அம்சமாக வரைவேன். வரைந்துகொண்டிருக்கும்போதே மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழும். முன் பெஞ்சுப் பிள்ளைகள், "டீச்சர், ரத்தம்" என்பார்கள். "சூடும்மா" என்று சொல்லிவிட்டு, கர்ச்சீப்பால் மூக்கை அழுத்திக்கொண்டு, ரத்தம் எவ்வளவு ஒழுங்காக உறைகிறது என்பதை நடத்தி முடிப்பேன். ஒரு பிள்ளையாவது அப்போது என்னைக் கேள்வி கேட்டிருக்கலாம். கேட்காத மாதிரி வளர்த்தது நான்தான்.

திருமயத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார், பொட்டாஷ் வாடையோடு வீட்டுக்கு வரும் நல்ல மனிதர். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவரும் சூட்டுக் கட்சிதான், அதில் பொறுப்பான பதவியில் இருந்தார் என்றே சொல்லலாம். மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்காமல் போய், பை பையாக ஏற்றி உயிர் பிழைக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அத்தை சொன்ன காரணம், நான் ஏழாம் மாதத்தில் ஒளித்து வைத்துத் தின்ற அன்னாசிப்பழம்.

அதற்குப் பிறகு மாதாமாதம் அந்த நாட்கள் வந்தால் பள்ளிக்கூடத்தில் உட்காரவே பயம். கறுப்புச் சேலையாகப் பார்த்து வாங்குவேன். சக டீச்சர்கள் எனக்குக் கறுப்பு ராசி என்று நினைத்துக்கொண்டார்கள். டவுனில் லேடி டாக்டர் ஸ்கேன் பார்த்தார், மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார், கட்டியும் இல்லை ஒன்றும் இல்லை என்றார். கடைசியில், "ஒரு பிள்ளை இருக்குல்ல, கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதி" என்றார்.

வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி பிடித்துப்போயிற்று. இடத்தை அடைக்கிற பழைய பீரோவைக் கழித்துக் கட்டுகிற மாதிரி பேசினார்கள். கட்டுமாவடியிலிருந்து என் அம்மாவும் போனில் அதையே சொன்னார். "எனக்கு எடுத்தப்ப ஒனக்கு நாலு வயசு. எடுத்து என்ன கொறஞ்சுட்டேன்? மீனு கூடையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறலையா? பேசாம எடுத்துரு." அம்மாவுக்கும் என்னை மாதிரியே பெரும்பாடு இருந்தது, எடுத்த பிறகு நின்றது. அதனால் அவர் வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஆசை. மகளோடு சண்டை போட ஒரு ஆள் வேண்டும் என்று ஆசை. நான் ஒற்றைப் பிள்ளையாக, பல்லாங்குழியில் இரண்டு பக்கமும் நானே ஆடி வளர்ந்தவள். ஆனால் போன பிரசவத்தில் எல்லோரையும் அப்படிப் பயமுறுத்தியவள் எந்த முகத்தோடு அதை வெளியே சொல்வது? பேசாமல் தலையை ஆட்டிவிட்டேன்.

காப்பாற்றியது ஆடி மாதம். "ஆடியில நல்லதும் வேணாம் கெட்டதும் வேணாம், ஆவணியில வச்சுக்கலாம்" என்று அத்தை சொல்லிவிட்டார். ஆபரேஷன் இதில் எந்தப் பக்கம் சேரும் என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கொழுந்தனார் துபாயில் இருக்கிறார். போன முறை லீவில் வந்தபோது ஒரு டாபர்மேன் குட்டியை வாங்கி, நெஞ்சோடு அணைத்துப் படம் பிடித்துக்கொண்டு, லீவு முடிந்ததும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் பிளேன் ஏறிவிட்டார். அதற்கு அவர் வைத்த இங்கிலீஷ் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. கறுப்பாக இருக்கிறதே, கருப்பன் என்று கூப்பிடலாம் என்றால் அது சாமி பெயர், அத்தை கொன்றுவிடுவார். கடைசி வரை பெயரில்லாமலே வளர்ந்தது. ஆனால் துபாய் மகன் கொடுத்துவிட்டுப் போன நாய் என்பதால் அத்தை அதற்கு மரியாதை குறைக்கவில்லை. "அவரு சாப்ட்டாரா? வெயில்ல நிக்கிறாரு பாரு, இங்கிட்டுக் கூப்புடு." என்னை இதுநாள் வரை அவர் ஒருமையில்தான் கூப்பிடுகிறார்.

நாய்க்குப் பல் விழுந்து முளைத்தபோது ஈறில் ரத்தம் நாள் கணக்கில் கசிந்தது. எலும்பைக் கடித்தால் எலும்பு சிவந்தது. அத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். "கறுத்த தோலு, வெயில இழுக்குது. சூடு." நாய்க்கு மோர் ஆரம்பமாயிற்று. வெண்கலக் கிண்ணத்தில், உப்புப் போடாமல். எண்ணெய்க் குளியலும் உண்டு. எனக்கு வெள்ளிக்கிழமை. அது ஆண்பிள்ளை, அதனால் சனிக்கிழமை. வெள்ளியும் சனியும் எங்கள் கொல்லையில் ஒரே சீயக்காய் வாசம்.

ஆடி பாதி தாண்டியிருக்கும். முன்கூடத்தில் புதிதாக ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தோம். பூப்பூவாகப் பதித்த அந்தத் தரையில் நாய் நகத்தால் கோடு கிழித்துக்கொண்டு திரிந்தது. வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. நகத்தை வெட்டிவிட்டால் போச்சு என்று சொல்லி, அத்தையின் பாக்குவெட்டியை எடுத்துவந்தார். கொட்டைப்பாக்கையே இரண்டாகப் பிளப்பது நகத்தை விட்டுவைக்குமா? ஒரே வெட்டு. நகத்தோடு கொஞ்சம் சதையும் போயிற்று.

அத்தை மஞ்சளை அப்பினார். நிற்கவில்லை. சுண்ணாம்பு வைத்தார். நிற்கவில்லை. டின்னிலிருந்த காப்பித்தூளைக் கொட்டிக் கட்டினோம், நாய் கட்டைப் பிரித்துக் காப்பித்தூளை நக்கியது. கூடம் முழுக்க அது நடந்த இடமெல்லாம் சிவப்புக் கால்தடம். கல்லைக் காப்பாற்றக் கிளம்பியவர் கல்லின்மேல் நின்றுகொண்டு முழித்தார். நாயைச் சாக்கில் சுற்றி, உர மூட்டை ஏற்றும் லோடு வண்டியில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்கு விட்டோம். அத்தையும் ஏறிக்கொண்டார், துபாய்க்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

கால்நடை டாக்டர் சின்ன வயசுக்காரர். நகத்தை அழுத்திக் கட்டினார். காப்பித்தூளைப் பார்த்து, "இதை வேற தின்னுச்சா?" என்று முறைத்தார். பிறகு நாயின் உதட்டைத் திருப்பி, உள்பக்கம் ஒரு கீறல் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கீறலில் ரத்தம் நிற்கிற வழியாக இல்லை.

"சூடுதானே தம்பி?" என்றார் அத்தை.

"சூடு இல்லம்மா. ரத்தம் ஒட்ட மாட்டேங்குது. இந்த ஜாதி நாய்க்கு இது அடிக்கடி வரும்."

ரத்தத் தட்டுகள் இதற்கு வேண்டிய அளவு இருக்கும், ஆனால் அவை குழாயின் சுவரிலும் ஒன்றோடொன்றும் பிடித்துக்கொள்ள நடுவில் பசை மாதிரி ஒரு புரதம் வேண்டும், அந்தப் புரதம் இதற்குக் குறைவு என்றார். புரதத்தின் பெயரைச் சொன்னார். யாரோ வெள்ளைக்கார டாக்டரின் பெயராம், நாயின் பெயரை விட மோசமாக இருந்தது. நான் விலங்கியல் டீச்சர் என்று வீட்டுக்காரர் சொல்லித் தொலைத்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஆடு, மாடு, பன்னி, நாய், மனுசன், எல்லாத்துக்கும் இந்தப் பசை உண்டு டீச்சர். ஆனா ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. மாட்டோட புரதத்தை எடுத்து மனுசத் தட்டுல விட்டீங்கன்னா, வேற எதுவும் சேக்காமலே கட்டி கட்டியா ஒட்டிக்கும். மனுசனோட சொந்தப் புரதம் அப்படிச் சும்மா ஒட்டாது, தூண்டி விடணும். கோழிக்குத் தட்டே கிடையாது, அந்த வேலையை உட்கரு உள்ள முழு செல்லு பாக்குது."

"மாட்டுக்கு இருக்கிற ஒத்துமை மனுசனுக்கு இல்லேங்கிறாரு" என்று அத்தை எனக்கு மொழிபெயர்த்தார்.

டாக்டர் ஒரு தாளில் குறிக்க ஆரம்பித்தார். "இதோட தாய்க்கு இருந்துச்சான்னு தெரியுமா? குட்டி போட்டப்ப ரத்தம் ரொம்பப் போச்சா? மூக்குல வருமா? ஈறுல? அடிபடாமலே தோல்ல கன்னிப்போகுமா?"

ஒவ்வொரு கேள்விக்கும் என் மனசு ஆமாம் போட்டது. எத்தனை வருஷம் கலர் சாக்பீஸில் வரைந்த படம், அதற்குள்ளே நானே நின்றுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாட்டு ஆஸ்பத்திரியில், ஆட்டோடும் மாட்டோடும் காத்திருக்கிற ஜனங்களுக்கு முன்னால் எப்படித் திறப்பது?

அத்தைக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார். "தாய் நாயிபத்தி எனக்குத் தெரியாது தம்பி. ஆனா நீங்க கேக்குற அம்புட்டும் எங்க மருமகளுக்கு இருக்கு. மூக்குல வரும், ஈறுல வரும், பிள்ள பெத்தப்ப செத்துப் பொழச்சா, மாசாமாசம் ஆறாப் போகுது. ஆவணியில கர்ப்பப்பையை எடுக்கப் போறோம்."

வெளியே ஒரு ஆடு கத்தியது. என் காது மடல் இரண்டும் எரிந்தன. டாக்டரின் பேனா தாளிலேயே நின்றுவிட்டது.

"நான் மாட்டு டாக்டரும்மா" என்றார் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தார். அதுவரை இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. "ஆனா எடுக்குறதுக்கு முந்தி ஒரு ரத்த டாக்டரைப் பாத்துருங்க டீச்சர். இது இருக்கிறது தெரியாம கத்தி வச்சா, டேபிள்லயே ரத்தம் நிக்காது. ஆபரேஷன் பண்றவங்ககிட்ட கட்டாயம் சொல்லுங்க."

திரும்பி வரும்போது ஊர் எல்லையில் வீட்டுக்காரர் கேட்டார். "லேடி டாக்டர்கிட்ட போயி என்னன்னு சொல்றது? எங்க நாயி டாக்டர் ஒங்களுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டாருன்னா?"

"ஆமாங்க, அப்படித்தான் சொல்லணும். நான் சொல்றேன், நீங்க பக்கத்துல நின்னா போதும்."

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்தை விடக் கோபம் பெரிதாக இருந்தது. அத்தனை வருஷத்து மோரும் தொண்டை வரை வந்து நின்றது.

லேடி டாக்டரிடம், "டாக்டர், எங்க நாய்க்கு நகம் வெட்டினோம்" என்று ஆரம்பித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் சுவரில் இருந்த குண்டுக் குழந்தைக் காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்தினார். என் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துத் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

"தட்டு எத்தனை இருக்குன்னு பாத்திருக்கோம். நல்லாத்தான் இருந்துச்சு. அது ஒட்டுதான்னு பாக்கலையே" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அவரோ ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டு, திருச்சியில் ரத்த வியாதி பார்க்கிற டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

திருச்சி டாக்டர் கதை சொல்லுகிற ஆள். என் தட்டுகளில் விட்டுப் பார்க்கிற மருந்து, ஒரு காலத்தில் கிருமியைக் கொல்லக் கண்டுபிடித்ததாம். நோயாளிகளின் ரத்தத் தட்டுகளை அது கூட்டிக் கூட்டி ஒட்டவைத்ததால் ஒதுக்கிவிட்டார்களாம். அந்தக் கெட்ட குணத்துக்காகவே இப்போது அதைப் பரிசோதனைக்கு வைத்திருக்கிறார்கள். பசைப் புரதம் சரியாக இருந்தால் மருந்து விட்டதும் தட்டுகள் சேரும், இல்லாவிட்டால் சோம்பி நிற்கும். நாய்க்கு அந்த மருந்து சரிப்படாதாம், ஒரு வகைப் பாம்பு விஷத்தை வைத்துத்தான் தூண்டிப் பார்ப்பார்களாம். எனக்கு மருந்தோடு போயிற்றே என்று நிம்மதியாக இருந்தது.

என் தட்டுகள் சோம்பி நின்றன. நோயின் பெயரை டாக்டர் சொல்ல வாயெடுக்கும் முன் நானே சொன்னேன். நாய்க்கு வந்த அதே நோய், அதே புரதம். இது பிறவியிலேயே வருவது, வெயிலுக்கும் அன்னாசிப்பழத்துக்கும் சம்பந்தமில்லை, கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றார். அந்த நாட்களில் போட மாத்திரை கொடுத்தார். பல் பிடுங்குவது, பிரசவம் என்று ஏதாவது வந்தால் முன்னாலேயே தகவல் சொல்லிவிட வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு மூக்கில் அடித்துக்கொள்ள ஒரு ஸ்பிரே. அது படுக்கையில் ஒன்றுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் கொடுப்பதாம். கால்நடை டாக்டரும் நாய்க்கு அதே மருந்தைத்தான் சொல்லியிருந்தார். மருந்துக்கடைக்காரர், "யாருக்குங்க, பாப்பாவுக்கா?" என்றார். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு நாய்க்கு" என்றேன். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் எதையும் விசாரிப்பதில்லை.

அந்த மாதம் எனக்கு வந்தது, மற்ற பெண்களுக்கு வருகிற மாதிரி வந்து போயிற்று. இப்படியும் இருக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பாத்ரூமில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வெளியே வந்து வீட்டுக்காரரிடம், எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனவர், பூட்டில் சாவியைக்கூடப் போடாமல் திரும்பி வந்து, "நெசமாத்தான் சொல்றியா?" என்றார்.

அத்தை தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, கட்சி மாறிவிட்டார். தெருவில் யாருக்கு மூக்கு ஒழுகினாலும், "சூடுன்னு விட்டுறாதீங்க, ஒட்டுதான்னு பாருங்க" என்கிறார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. "எங்க மருமகளுக்கும் நாயிக்கும் ஒரே ரத்தம்" என்றும் சேர்த்துச் சொல்கிறார். கீரமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், முன்பின் தெரியாத அம்மாள் ஒருவர் என்னிடம், "நீங்கதானா அந்த நாயி வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்று பாயசம் வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுமாவடியிலிருந்து அம்மா கிழங்கா மீனோடு வந்தார். ஆபரேஷனுக்குத் துணை இருக்க வேண்டியவர், அது இல்லை என்றானதும் மீனோடு வந்திருந்தார். கொல்லையில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து செதில் உரிக்க, நாய் எதிரே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது. நான் கதையை முதலிலிருந்து சொன்னேன். பாக்குவெட்டிக்குச் சிரித்தார். அத்தை ஆஸ்பத்திரியில் கத்தியதற்குச் செதில் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திருச்சி டாக்டர், இது பெரும்பாலும் பெற்றவர்களிடமிருந்து வருவது, அம்மாவையும் ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்று சொன்னதையும் அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"எனக்குமா நாயி வியாதி?" என்றார் அம்மா.

"ஒங்களுக்கும் மூக்குல வருமேம்மா. நான் பொறந்தப்ப ஒங்களுக்கும் ரத்தம் ஏத்தினாகன்னு சொல்லுவீங்களே."

அம்மா இன்னும் இரண்டு மீனைச் சுத்தம் செய்தார். மூன்றாவதை எடுத்து, அரிவாள்மனைக்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு எடுத்தாகளே, அதுவும் எடுத்திருக்க வேண்டியதில்லையா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஒனக்கப்புறம் ஒண்ணு பெத்துக்கணும்னு இருந்துச்சு" என்றார். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே அழுதேன். ஒங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. சூட்டு ஒடம்பு, வேற வழியில்லேன்னாக. சரின்னுட்டேன்."

இத்தனை வருஷமாக என்ன குறைந்துவிட்டேன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். நான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எனக்குக் கண் நிறைந்தது. அம்மா அழவில்லை. கையிலிருந்த மீனை முழுசாக நாய்க்கு முன்னால் போட்டார். அது தின்னுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு நம்ம வீட்லயும் ஒரு நாயி இருந்திருக்கலாமேத்தா."